கஸாலாவின் தொட்டிக்குக் காவல்

கஸாலா ஈரத்துணியில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு ஆணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆணியை எடுப்பாள், நாலு இழுப்பு இழுப்பாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். திருப்தி வராவிட்டால் எலுமிச்சைத் தோலால் இன்னொரு இழுப்பு. நான் அவள் கணவர் கமூஸின் முதுகைத் துடைத்து, படுக்கைப் புண் வரப் பார்த்த இடத்தில் களிம்பு போட்டு, இடுப்பு அசையாமல் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முடிக்கும்வரை அவள் நிமிரவேயில்லை.

"நர்சு, அவகிட்ட சொல்லு, ஒரு நாளைக்காவது இந்த மாதிரி என் முதுகைத் தேய்க்கச் சொல்லி," என்றார் கமூஸ்.

"துருப் பிடிக்கட்டும், தேய்க்கிறேன்," என்றாள் கஸாலா.

கமூஸுக்குக் கோடையில் வாசற்படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து தினமும் காலையும் மாலையும் நான் போய்வருகிறேன். எங்கள் ஜெர்பா தீவில், யூதர் குடியிருப்பான பெரிய ஹாராவில், யார் வீட்டில் யார் படுத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவள், அதோடு வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவள் என்று பேர். முதல் பாதி உண்மை.

கஸாலா சின்ன ஹாராவிலிருந்து இங்கே மருமகளாக வந்தவள். பிள்ளைகள் நால்வரைப் பெற்று நால்வரையும் கடல் தாண்டி அனுப்பிவிட்டாள். ஊரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அழகுக்காகவோ சமையலுக்காகவோ அல்ல, தண்ணீருக்காக. அவள் வீட்டு முற்றத்துக்கு அடியில் ஒரு மழைத்தொட்டி இருக்கிறது. மாமனார் காலத்தில் வெட்டியது. குழாயில் வரும் தண்ணீரில் காபி போட்டால் கடலைக் காய்ச்சிக் குடித்தது போல இருக்கும். கஸாலாவின் தொட்டித் தண்ணீரில் போட்டால் காபி காபியாக இருக்கும். பெருநோன்புக்கு முந்தைய நாள் எங்கள் சந்தே அவள் வாசலில் கூஜாக்களைக் கொண்டுவந்து வைக்கும். நோன்புக்கு முன்னால் கடைசியாகக் குடிப்பதும், நோன்பு முடிந்து முதலில் தொண்டை நனைப்பதும் அவள் தண்ணீர்தான். நன்றி சொன்னால், "அட, வானம் குடுத்தது, நான் மூடிதானே போட்டேன்" என்பாள். மூடி போட்டதை மட்டும் மூன்று தரம் சொல்வாள்.

இன்னொரு குணமும் அவளுக்கு உண்டு. கேட்டதை எல்லாம் கடன் கொடுப்பாள். கொடுத்ததை மறக்கவே மாட்டாள். திரும்பி வந்ததை மட்டும் மறந்துவிடுவாள்.

அன்று பருவம் திரும்பும் நாள். போன சனிக்கிழமை தொழுகைக்கூடத்தில் அறிவித்திருந்தார்கள், பிற்பகலில் நேரம் என்று. வருஷத்துக்கு நாலு தரம் இது வரும். ஆனால் இலையுதிர்காலத்துத் திருப்பத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பகலும் இரவும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நின்று, கோடை தன் சாவியை மாரிக்காலத்திடம் கொடுத்துவிட்டுப் போகிற நேரம். கோடையின் காவல்காரன் எழுந்து போய்விட்டான், மாரியின் காவல்காரன் இன்னும் வந்து உட்காரவில்லை. அந்த இடைவெளியில் உலகத்திலுள்ள தண்ணீருக்கெல்லாம் காவல் இல்லை. திறந்த தண்ணீரில் கெட்டது எது வேண்டுமானாலும் இறங்கலாம். அதனால் அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை; வீட்டிலுள்ள தண்ணீர் மேலெல்லாம் ஒரு துண்டு இரும்பை வைத்துவிடுவோம். இரும்பு இருக்கும் இடத்தில் கெட்டது அண்டாது. பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்.

"ரேடியோவுல சொன்னான்," என்றார் கமூஸ். "பகலும் ராத்திரியும் சமமா ஆனது ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சுபோச்சாம். நீ லேட்டு."

"ரேடியோக்காரன் அவன் கணக்குல தண்ணி குடிக்கட்டும். நாம நம்ம கணக்குல குடிப்போம்."

"அப்போ ரெண்டு வாரமா காவல் இல்லாத தண்ணியா குடிச்சிட்டிருந்தோம்?"

"வாய மூடிட்டுப் படுங்க. இல்லாட்டி அதுலயும் ஒரு ஆணி வைப்பேன்."

ஆணிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு கிளம்பினாள். குடிதண்ணீர்க் குடத்தின் மேல் ஒன்று. கூஜா மேல் ஒன்று. ஊறப்போட்ட கொண்டைக்கடலை மேல் ஒன்று. ஒலிவக்காய் ஊறும் சாடியின் மேல் பெரியதாக ஒன்று. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீருக்குக்கூட ஒரு சின்ன ஆணி கிடைத்தது. என் மருந்துப் பையைத் திறந்து கண் சொட்டு மருந்துப் புட்டியின் மேல் ஒரு ஆணியைச் சாய்த்து வைத்தாள்.

"இந்தச் சிரிஞ்சுக்கு வேண்டாமா?" என்றேன்.

யோசித்தாள். "ஊசி இரும்புதானே நர்சக்கா. அது தன்னைத் தானே பாத்துக்கும்."

"ஆணி பத்தலேன்னா என் இடுப்பு ஊக்கை எடுத்துக்கோ," என்றார் கமூஸ். "காற்சட்டை நாடாவைத்தான் துணி வெளுக்கிறவன் தொலைச்சிட்டான்னு சொல்லி என்னை வசந்தத்துல இருந்து ஊக்கோட திரிய விட்டுட்ட."

"நீங்க எங்க திரியறீங்க? படுத்துதானே கெடக்கீங்க."

கமூஸின் மாத்திரையை நான் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். தண்ணீர் குடிக்கக்கூடாத நேரத்தில் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தால், வீட்டாரோடு சண்டை போடுகிற செவிலிகளைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை நேரத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் வேலை முடிந்தது.

கடைசியாகத் தொட்டி. அதற்கு ஆணி போதாது என்பது கஸாலாவின் கட்சி. பெரிய தண்ணீருக்குப் பெரிய இரும்பு. கூடத்துச் சுவரில் பழைய வாசற்கதவின் சாவி ஒன்று கொக்கியில் தொங்கும், முழங்கையில் பாதி நீளம். கதவு போய்ப் பல வருஷம் ஆகிறது. சாவி இதற்காகவே இருக்கிறது. அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்குவாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

அப்போதுதான் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூக்காவின் குரல் கேட்டது.

கூக்கா, கமூஸின் அக்கா. கஸாலாவுக்கு நாத்தனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வசந்தத்திலிருந்து அந்தச் சுவர் வழியாகத்தான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் வேறு யாருக்கோ சொல்வது போல. காரணம் ஒரு கொத்துக்கத்தி. கஸாலாவின் அம்மா கொடுத்த கத்தி அது. முழுக்க இரும்பு, கைப்பிடிகூட இரும்பு. பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் கூக்கா அதைக் கடன் வாங்கினாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாள். கொடுக்கவில்லை என்றாள் கஸாலா. சந்துக்காரர்கள் முன்னால் "மத்தவங்க கத்தியில கறி கொத்துறவங்களுக்கு ருசி தெரியாதா பின்ன" என்று ஒரு வார்த்தை விட்டாள். அன்றிலிருந்து கூக்கா தம்பி வீட்டு வாசல் மிதிக்கவில்லை. தொட்டித் தண்ணீரும் வாங்கவில்லை. கோடை முழுக்கக் குழாய்த் தண்ணீரைக் குடித்து, ரோஷத்தில் நாக்கு உப்புக் கரித்துப் போயிருந்தாள்.

"ஆணி வேணுமாடி ஆணி?" என்று தன் கோழிகளிடம் கேட்டாள் கூக்கா, சந்து முழுக்கக் கேட்கும்படி. "நம்ம வீட்டுல ஆணி எங்க இருக்கு? நாமதான் திருட்டுக் கத்திய வச்சுக் காவல் காக்கிறோமே!"

கஸாலா நின்றாள். சாவியைத் திரும்பக் கூடத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சுவருக்கு அருகே போனாள். வெறுங்கையோடு சண்டை போட்டால்தான் அவளுக்குச் சரியாக வரும்.

"நர்சக்கா, பாத்தீங்களா," என்று சுவரைப் பார்த்து என்னிடம் சொன்னாள். "திருடுறவங்களே ஒத்துக்கிட்டா ஊருக்கு நல்லதுதான்."

"நர்சு, அந்த வீட்டுல ஞாபக சக்திக்கு மருந்து இருந்தா ஒரு ஸ்பூன் குடு," என்றது சுவர்.

இப்படியே நீண்டது. நான் கமூஸின் குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்து முடித்தபோது தொழுகைக்கூடத்திலிருந்து நேரம் ஆகிவிட்டது என்று ஆள் அனுப்பிச் சத்தம் கொடுத்தார்கள். எல்லோரும் வாயை மூடினோம். சண்டைகூட நின்றது. தண்ணீர் குடிக்கக்கூடாது என்றால் தொண்டை வறளப் பேசுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

"எனக்கு வருஷா வருஷம் கரெக்டா இந்த நேரத்துக்குத்தான் தாகம் எடுக்குது," என்றார் கமூஸ்.

நேரம் கடந்தது. மாரிக்காலம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான வெயில், வழக்கமான ஈக்கள். கஸாலா ஆணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தாள். காபிக்குத் தண்ணீர் மொள்ள வாளியோடு தொட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்து, சாவியைக் கயிற்றோடு மேலே இழுக்கக் கை நீட்டினாள்.

கயிறு இல்லை. திரும்பிப் பார்த்தாள். சாவி கூடத்துக் கொக்கியில், போட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எத்தனையோ வீடுகளில் கெட்ட செய்தி கேட்ட முகங்களைப் பார்த்திருக்கிறேன். கஸாலாவின் முகம் அவற்றில் எதற்கும் குறைந்ததில்லை. வாளியை மெதுவாகக் கீழே வைத்து, தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?" என்றார் கமூஸ் உள்ளே இருந்து.

"தொட்டிக்கு வைக்கல."

"யாருக்குத் தெரியும்?" என்றார் கமூஸ்.

"எனக்குத் தெரியுமே."

"நீ ஊமையா இருந்துட்டாப் போச்சு."

"ஊருக்கே குடிக்கக் குடுக்கிற தண்ணி. நாளைக்குச் சாயங்காலம் நோன்பு தொடங்குது. நான் ஊமையா இருக்கணுமா?" பிறகு என்னைப் பார்த்தாள். "நர்சக்கா, நீங்க ஆஸ்பத்திரியில படிச்சவங்க. கெட்டுப்போச்சான்னு பாத்தாத் தெரியுமா?"

"பாத்தாத் தெரியாது. குடிச்சவங்களுக்கு வயித்தால போனாத் தெரியும்," என்றேன். ஆறுதல் சொல்வது என் வேலையில் சேர்த்தி இல்லை.

எங்கள் மதகுரு ரப்பி சக்கீனிடம் போனோம். மகள் வீட்டில் இறைச்சி வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். ரப்பி மென்மையானவர், பூனையைத் துரத்தும்போதுகூட மன்னிப்புக் கேட்பார்.

"தொட்டிப் பக்கத்துல வேற எந்த இரும்பும் இல்லையாம்மா? ராட்டினம்?"

"அதை வித்தாச்சு. மூத்தவன் வந்தப்போ அலுமினிய மூடி போட்டுக் குடுத்தான்."

"வாளி?"

"பிளாஸ்டிக்."

"கயிறு?"

"நைலான்."

"வாளிக்குக் கைப்பிடி..."

"அதுவும் பிளாஸ்டிக்தான் ரப்பி. மஞ்சள் கலர்."

ரப்பி தாடியைத் தடவினார். "தெரியாம நடந்தது. கள்ளமில்லாதவங்களை ஆண்டவன் காப்பாத்துவான். குடிக்கலாம்மா, ஒண்ணும் ஆகாது."

வெளியே வந்ததும் கஸாலா சொன்னாள்: "நல்ல மனுஷன். ஆனா அவர் யாரு கேட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்வார். அதை நம்பித் தண்ணி குடிக்க முடியுமா?" பத்தடி போய் மறுபடியும் சொன்னாள்: "கள்ளமில்லாதவங்கன்னாரே. நான் சண்டை போட்டுட்டுத்தானே மறந்தேன்."

முடிவு செய்துவிட்டாள். தண்ணீரைக் கொட்டுவது. இந்த வருஷம் அறுவடைக் களத்தைக் கழுவும் முதல் மழைகூட வரவில்லை. அடுப்படிச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி பிடித்தது போலத் தொட்டிச் சுவரில் தண்ணீர் வற்றி இறங்கிய கறை தெரிந்தது. அடியில் முழங்கால் அளவு இருந்தால் அதிகம். அதைத்தான் மழை வரும்வரை நீட்டி நீட்டி வைத்திருந்தாள். அதையும் கொட்டிவிட்டால் அவளுக்கும் குழாய்தான். அவள் வாசலில் கூஜாக்கள் வைக்கிற வழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் அடுத்த வருஷம் வேறு வாசலுக்குப் போய்விடும்.

சஹ்பியைக் கூப்பிட்டாள். சஹ்பி மசூதித் தெருவில் இருக்கிறவன், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் வைத்திருந்தான். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சந்தின் ஒவ்வொரு கல்லிலும் தடதடவென்று முட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா, தண்ணிய என் ஒலிவத் தோப்புக்கு விட்டுடட்டுமா?" என்றான்.

"மரம் கெட்டுப்போனா?"

"மரத்துக்கு உங்க காலண்டர் தெரியாதுக்கா. எங்க காலண்டரும் தெரியாது. தண்ணி தெரியும், அவ்வளவுதான்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூக்கா கோழிகளுக்குச் செய்தி வாசித்தாள். "கேட்டுச்சாடி? காவல் இல்லாமப் போச்சாம். கொட்டறாளாம். அடப் பாவமே, அடப் பாவமே." குரலில் பாவம் கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அது கஸாலாவை இன்னும் குத்தியது.

அதற்குள் சந்துப் பெண்கள் வந்தார்கள். நாளைக்கு நிரப்பட்டும் என்று காலையிலேயே கொண்டுவந்து வைத்த கூஜாக்களைத் திரும்ப எடுக்க. ஒவ்வொருத்தியும் பணிவாகத்தான் பேசினாள்.

"இருக்கட்டும் கஸாலா, இந்த வருஷம் குழாய்த் தண்ணியே கொதிக்க வச்சுக்கறோம்."

"நீ சிரமப்படாத. உன் வீட்டுக்காரர் வேற படுத்திருக்கார்."

"எலுமிச்சை கொஞ்சம் கூடப் பிழிஞ்சா உப்பு தெரியாது."

வாசலில் கூஜா ஒவ்வொன்றாகக் குறைவதைக் கஸாலா பார்த்துக்கொண்டே நின்றாள். பிரசவ வலியில்கூடச் சத்தம் போடாதவள் என்று அவள் மாமியார் ஒருமுறை என்னிடம் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றும் போடவில்லை.

சஹ்பி குழாயை இறக்கும் முன்னால், அடியில் கல்லோ சகதியோ கிடந்தால் மோட்டார் போய்விடும், பார்க்க வேண்டும் என்றான். நான் கமூஸின் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மேற்கே சாய்ந்த வெயிலை அதில் வாங்கித் தொட்டிக்குள் அடித்தான். வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்குச் சுவரில் இறங்கி, தண்ணீருக்குள் புகுந்து, தரையில் மெதுவாக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது.

"கீழ என்னமோ கெடக்கு."

"தவளையா?" என்றேன். ஒரு வருஷமாக என் சந்தேகம் அது.

"தவளைக்கு வால் கெடையாது. இதுக்கு இருக்கு."

வண்டியிலிருந்து கொக்கியை எடுத்து, கயிற்றில் இறக்கித் துழாவினான். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவது தரம் வால் சிக்கியது. இழுத்தான். வெளிச்சத்துக்கு வந்தது.

கொத்துக்கத்தி. கைப்பிடி முதல் நுனிவரை பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. கைப்பிடியில் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு நாடா, பாதியில் அறுந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது.

"என்ன வந்துச்சு? என்ன வந்துச்சு?" என்றார் கமூஸ். கழுத்தை நீட்டினார். நான் கத்தியை வாங்கி அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கத்தியைப் பார்க்கவில்லை. நாடாவைப் பார்த்தார். விரலால் தொட்டார்.

"கஸாலா," என்றார் ரொம்ப அன்பாக. "துணி வெளுக்கிறவன் தொட்டிக்குள்ளயா துணி வெளுத்தான்?"

கஸாலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வசந்தத் திருப்பம் பாஸ்கா வேலையின் நடுவில் வந்து விழுந்தது. வீட்டிலிருந்த இரும்பெல்லாம், அந்தச் சாவி உட்பட, பண்டிகைச் சுத்தத்துக்காகக் கொதிக்கிற அண்டாவுக்குள் கிடந்தது. கையில் அகப்பட்டது கூக்கா அன்று காலையில்தான் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன கத்தி. கயிறு தேட நேரமில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த காற்சட்டையிலிருந்து நாடாவை உருவிக் கட்டி இறக்கினாள். அப்புறம் அண்டா பொங்கியது. ஓடினாள். மறந்தே போனாள். நாடா இற்று விழுந்தது. கத்தி வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை, ஒரு நிமிஷம்கூட விடுப்பு எடுக்காமல், அடியில் படுத்துக் காவல் காத்திருக்கிறது.

சஹ்பிதான் முதலில் சிரித்தான். "அக்கா, இரும்பு இல்லைன்னீங்களே! ஹாராவுலயே உங்க தண்ணிக்குத்தான் மூணு திருப்பத்துக்கு ஒரே காவல்!"

"அதான் இந்தக் கோடையில தண்ணிக்கு ஒரு தனி ருசின்னு எல்லாரும் சொன்னாங்களா," என்றேன். "ரத்த சோகைக்குக்கூட நல்லது."

கஸாலாவின் முகத்தில் உயிர் வந்தது. தண்ணீர் தப்பிவிட்டது. வாசலைப் பார்த்தாள், கூஜாக்காரிகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு கத்தியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சஹ்பி, மோட்டாரை எடுத்துட்டுப் போ. யாராச்சும் கேட்டா உள்ள இரும்பு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

"என்ன இரும்புன்னு கேப்பாங்களேக்கா."

"இரும்புன்னா இரும்புதான்."

"நான் பொய் சொல்ல மாட்டேன். வேணும்னா ஒண்ணுமே சொல்லாமப் போறேன்," என்றான். அப்படியே போனான். மோட்டார் மறுபடியும் ஒவ்வொரு கல்லிலும் முட்டிக்கொண்டு திரும்பியது. அது ஓடாமலே திரும்பியதை ஜன்னல்கள் பார்த்தன. காரணம் தெரியாததால், கஸாலா கெட்ட தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். மிச்சமிருந்த இரண்டு கூஜாக்களும் அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டன.

நான் கமூஸுக்கு மாலைத் துடைப்பு முடித்துக்கொண்டிருந்தேன். கஸாலா கட்டில் காலடியில் உட்கார்ந்து, சீமை மாதுளம்பழத்தில் கிராம்பு குத்திக்கொண்டிருந்தாள். நோன்பு நேரத்தில் பசி மயக்கத்துக்கு முகர்ந்து பார்க்கிற பழம். அவள் குத்திய வேகத்தில் பழத்துக்குத்தான் மயக்கம் வந்திருக்கும்.

"சொல்லிட்டா என்ன?" என்றேன்.

"சொன்னா சிரிப்பாங்க."

"சொல்லாட்டிக் குடிக்க மாட்டாங்க."

கமூஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் விழுந்த அன்னிக்கு எங்கக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதா. கோழிகிட்டதான் அழுதா. ஆனா எனக்குக் கேட்டுச்சு."

கிராம்பு குத்துவது நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இப்படிப்பட்ட இடத்தில் மூன்றாவது ஆள் இருந்தால் வேலை கெடும்.

மறுநாள் காலை நான் போனபோது கஸாலா மறுபடியும் சாம்பலோடு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை ஆணி இல்லை, கத்தி. பழுப்பெல்லாம் போய், விளிம்பு பளபளத்தது. கழுவினாள், துடைத்தாள், துணி மாற்றிக்கொண்டாள். தலைத்துணியைக் கண்ணாடியில் பார்த்துக் கட்டிக்கொண்டாள். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் தொட்டித் தண்ணீர் நிறைந்த கூஜா. வாசலைத் தாண்டி, பக்கத்து வாசலில் போய் நின்றாள். நான் என் வீட்டு வேலையாகப் போவது போலப் பின்னாலேயே போனேன்.

கூக்கா வாசலில் உட்கார்ந்து கோழி உரித்துக்கொண்டிருந்தாள். நோன்புக்கு முந்தைய நாள் வீட்டுக்கு வீடு கோழி அடிக்கிற வழக்கம்; சந்து முழுக்க வாசல்களில் இறகு பறந்தது. எல்லாப் பெண்களும் வெளியில்தான் இருந்தார்கள். கூக்கா நிமிர்ந்து, வந்தவளை ஒரு தரமும் கத்தியை இரண்டு தரமும் பார்த்தாள்.

"மதினி," என்றாள் கஸாலா. "கத்தி கெடைச்சிருச்சு."

"எங்க?"

"தொட்டியில."

"ஓகோ. யாரு போட்டா?"

"நான்தான். பருவம் திரும்பற நேரத்துக்குக் கட்டி இறக்கினேன். மறந்துட்டேன்."

"சத்தமாச் சொல்லு. எதிர்வீட்டுக்காரிக்குக் காது மந்தம்."

எதிர்வீட்டுக்காரிக்குக் காது நன்றாகவே கேட்கும், நானே சோதித்திருக்கிறேன். ஆனால் அவள் உடனே கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டாள்.

"நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்க!" என்று கத்தினாள் கஸாலா. முகம் மாதுளை நிறம் ஆகிவிட்டது. "நான்தான் தொட்டிக்குள்ள போட்டேன்! நான்தான் உங்களைத் திருடின்னு சொன்னேன்! மன்னிச்சிருங்க! கத்தி உள்ளயேதான் கெடந்துச்சு, தண்ணிக்குக் காவல் போகவேயில்ல! போதுமா?"

சந்துப் பெண்களின் கைகள் கோழி மேலேயே நின்றன. இறகுகள் மட்டும் பறந்தன. கூக்கா கோழியைக் கீழே வைத்தாள். கையை உடுப்பில் துடைத்தாள். கூஜாவை வாங்கி, அண்ணாந்து, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். கோடை முழுக்க உப்புத் தண்ணீர் குடித்த தொண்டை. முதல் மடக்குக்குக் கண் தானாக மூடியது. உடனே திறந்துகொண்டு, "துரு வாடை அடிக்குது," என்றாள். மிச்சத்தையும் சொட்டு விடாமல் குடித்தாள்.

எதிர்வீட்டுக்காரி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் கூஜா இருந்தது. அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரியும் எழுந்தாள்.

கஸாலா கத்தியோடு வீட்டுக்குத் திரும்பினாள். "ஏய், எங்க கொண்டு போற?" என்றாள் கூக்கா. "கத்தியை வச்சுட்டுப் போ. ரெண்டு கோழி கெடக்கு."

கஸாலா தயங்கினாள். கத்தியைப் பார்த்தாள். வைத்தாள். "எப்போ திருப்பிக் குடுப்பீங்க?"

"குடுத்தா மட்டும் உனக்கு ஞாபகம் இருக்குமாக்கும்?"

கோழியை முடித்துவிட்டு, கூக்கா காலிக் கூஜாவோடு கஸாலாவின் முற்றத்துக்கு வந்தாள். தொட்டியருகே கஸாலா பழைய சாவியைக் கம்பியில் முறுக்கிக் கட்டி, மூடிக்கு அடியில் நிரந்தரமாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் கூஜாக்கள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தன. கூக்கா அவளைத் தாண்டி நேரே அறைக்குள் போய், கட்டிலுக்கு முன்னால் நின்றாள். தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்திருப்பாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடா, இன்னுமா எழுந்திரிக்கல நீ?"

"நாடா இல்லாம எப்படிக்கா எழுந்திரிக்கறது?" என்றார் கமூஸ்.